எச்சில் தாளம்

டில்லி இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பாடித் தொலைத்தால் அடுத்தது நான்தான் என்று ரோஸ்லின் நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் அந்த ‘நான்தான்’ அவள் மண்டைக்குள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை சிஸ்டரின் குரலில், மூக்கால், ஒவ்வொரு எழுத்துக்கும் இஸ்திரி போட்ட மாதிரி ஒலித்தது, சிஸ்டர் நீங்க எதுக்கு இப்ப வந்தீங்க, போங்க, போய் பிரேயர் மணி அடிங்க என்று துரத்திவிட்டால் அந்த இடத்தில் மீன் ஏலக்காரர் வந்து நின்றார், அவரைத் தள்ளினால் ரேஷன் கடைக்காரர், ‘மெஷின் வேலை செய்யலம்மா, நாளைக்கு வா’, நாளைக்கு எப்படி வர்றது, இன்றைக்குத்தான் எல்லாம், அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. பல்பு எரிகிறவரை இருமக்கூடாது, செருப்பைத் தேய்க்கக்கூடாது, மின்விசிறி ஓடக்கூடாது என்பது சாலமன் அண்ணன் ஸ்டுடியோவின் சட்டம். ஸ்டுடியோ என்றால் ரொம்பப் பெரிதாக நினைத்துவிடக்கூடாது, காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற பட்டறைக்கு மேலே ஒரே ஒரு அறை, அதைப் பிளைவுட்டாலும் ஒரு கண்ணாடித் துண்டாலும் இரண்டாக்கி, அந்தப் பக்கம் எதிரொலி வராமல் இருக்க முட்டை அட்டை ஒட்டிய பீரோ சைஸ் கூண்டு, இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், சாலமன் அண்ணன், அவருடைய தொப்பை, ஸ்பீக்கர் பெட்டி மேல் குந்தியிருக்கிற ரோஸ்லின். கூண்டுக்குள்ளே ஆட்டோக்காரர் டில்லி, காக்கிச் சட்டையின் பொத்தான்களை எல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டு, கண்ணை மூடி, சிக்னலில் நிற்கிற எல்லாரையும் திட்டுகிற பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். சாலமன் அண்ணன் காதில் ஒரு ஹெட்போன், அவள் காதில் இன்னொன்று. டில்லியின் தொண்டையை அவள் தொண்டை தானாகவே பின்தொடர்ந்தது, அந்தக் கரகரப்பு, ‘ச’ வருகிற இடத்தில் எல்லாம் பல் இடுக்கில் காற்று போவது, வரி முடியும்போது ‘ஏய்’ என்று ஒரு இழுப்பு, வாயைத் திறக்காமலே அவள் டில்லியாக ஆகிக்கொண்டிருந்தாள், வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், டில்லியும் வேண்டாம் நெப்போலியனும் வேண்டாம் என்று மாடிப்படி ஏறும்போதே முடிவு செய்துவிட்டுத்தானே வந்தோம், செய்த முடிவு செய்ததுதான்.

தாளம் ஓடிக்கொண்டிருந்தது. இதே தாளம்தான் காலையிலிருந்து, இதே தாளம்தான் ஒரு மாதமாக. சாலமன் அண்ணனின் மச்சான் கப்பலில் சமையல்காரர், ஏதோ ஒரு தூர தேசத்துத் துறைமுகத்திலிருந்து ரெகே என்கிற வகைப் பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டு ஒன்று வாங்கி வந்து கொடுத்தார், அதைப் போட்டால் முதல் பாட்டு, சரி, இரண்டாவது பாட்டு, அதே தாளக்கட்டு, மூன்றாவதும் அதே, தட்டு சிக்கிக்கொண்டது என்று நினைத்து அண்ணன் அதை எடுத்து லுங்கியில் துடைத்துத் துடைத்துத் திரும்பப் போட்டாராம், உள்ளேயிருந்து அவர் சம்சாரம், ‘இன்னாயா ஒரே பாட்டையே போட்டுக்கினு கீற, குக்கர் விசில்கூட அதுக்குத் தாளம் போடுது’ என்று கத்தியதாம், அப்புறம்தான் மச்சான் சொல்லியிருக்கிறார், அது அப்படித்தான், அந்த ஊரில் ஒரு தாளத்தை வாசித்து வைத்துவிடுவார்கள், அதே தாளத்தில் ஆளாளுக்கு வந்து பாடுவார்கள், ஒருத்தன் சாமியைக் கூப்பிடுவான், ஒருத்தன் போலீசைத் திட்டுவான், ஒருத்தி விட்டுப்போனவனை நினைத்து அழுவாள், தட்டின் கடைசியில் யாருமே பாடாமல் தாளம் மட்டும் தனியாக ஓடும், அதற்கு வெர்ஷன் என்று பேர். அன்றைக்குப் பிடித்தது அண்ணனுக்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பேஸ் கிட்டார் வாசிக்கிற மனுஷன் சாமியார் பிரசங்கத்தின் நடுவில் தொடையில் தட்டிக்கொண்டிருக்க ஆரம்பித்தார். நம்ம துறைமுகத்துக்கும் ஒரு தாளம், நம்ம ஆளுங்க எல்லாரும் அதுல, என்று சொல்லிச் சொல்லி, தானே பேஸ் வாசித்து, மாதா கோயிலில் பாடுகிற கொயரில் டிரம்ஸ் அடிக்கிற பையனைப் பிடித்து வந்து, ஒரு தாளத்தைச் செய்து வைத்தார். நல்ல தாளம். முதல் அடியில் ஒன்றுமே இருக்காது, காலி, அந்த இடத்தில் காலை வைத்தால் படி இல்லாத மாதிரி வயிறு ஒரு தரம் கீழே போகும், அதற்குப் பிறகுதான் டிரம்ஸ் வந்து தாங்கும், கிட்டார் நடுவில் நடுவில் வெங்காயம் நறுக்குகிற மாதிரி சக், சக், பேஸ் மட்டும் அவசரமே இல்லாமல், பெரிய வீட்டு எருமை மாதிரி நடந்துகொண்டிருக்கும். முதல் தரம் கேட்டபோது அவள் சிரித்தாள். அந்தக் காலி இடத்துக்காகத்தான் சிரித்தாள். அதில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் என்று தோன்றியது, பங்குச் சாமியாரை, கவுன்சிலரை, பக்கத்து வீட்டு ஆட்டை.

நெப்போலியனுக்கு அந்த இடத்தில் வேறு என்னவோ தெரிந்திருக்கிறது. நெப்போலியன் என்றால் இந்தத் துறைமுகத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், சாவு வீட்டில் அவர் கானா பாட உட்கார்ந்தால் செத்தவனே இன்னும் கொஞ்சம் நேரம் கிடக்கலாம் என்று நினைப்பான் என்பார்கள், கழுத்தில் கைக்குட்டை, கையில் மோதிரம், தொண்டைக்குள்ளே ஜல்லி லாரி. சாலமன் அண்ணன் தாளத்தை முதலில் போட்டுக் காட்டியது அவருக்குத்தான். அவர் கேட்டு, கண் கலங்கி, அண்ணனைக் கட்டிப்பிடித்து, ‘இது எனக்குன்னே அடிச்ச மாதிரி கீதுடா’ என்று சொல்லிவிட்டுப் போனார், அண்ணன் சந்தோஷத்தில் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டுவிட்டார், இது எல்லாருக்கும் என்பதைச் சொல்லவில்லை, அந்த ஊர் வழக்கம் இந்த ஊரில் யாருக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் டில்லியின் ஆட்டோவில் நெப்போலியன் ஏறினார், டில்லி பெருமையாகத் தன் பாட்டின் முதல் பதிவைப் போட்டுக் காட்டி, அதே தாளத்தில் பாடிய மற்ற ஆறு பேரையும் சொன்னார், ராயபுரம் பாலம் ஏறுவதற்குள் நெப்போலியன் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். நேரே இங்கே வந்தார். அப்போதும் ரோஸ்லின் இதே ஸ்பீக்கர் பெட்டி மேல்தான் இருந்தாள். ‘இன்னா சாலமனு, ஏழு பேரு வாய் வச்ச தாளத்துல நான் வந்து வாய் வைக்கணுமா? எச்சில் தாளமாடா எனக்கு?’ என்றார். அண்ணன் எழுந்து, ‘அப்படி இல்லண்ணா, இது பந்தி மாதிரி, எல்லாரும் ஒரே பந்தியில குந்தி’ என்று ஆரம்பித்தார். ‘பந்தின்னாலும் ஆளுக்கு ஒரு எல போடுவாங்கடா. ஒரே எலயில ஊரே துன்னுமா?’ நெப்போலியன் வாசல்படியில் நின்று, அவருக்கு வாங்கி வைத்திருந்த சோடாவை எடுத்து, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்துவிட்டு, பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் அதை வீட்டில் நடித்துக் காட்டினாள், எச்சில் தாளமாடா என்று ஜல்லி லாரியை ஏற்றி இறக்கி, சொம்பை அண்ணாந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து ஜன்னலில் நின்று சிரித்தார்கள், அம்மா மட்டும் மீன் முள்ளைத் தட்டு ஓரத்தில் அடுக்கிக்கொண்டே இருந்தாள், அம்மா அந்த மாதிரி சமயங்களில் அடுக்குகிற முள்ளைப் பார்த்தால், வேண்டாம், அது இப்போது வேண்டாம்.

கீழே தெருவில் ஐஸ் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. கூண்டுக்குள் டில்லி பாட்டை நிறுத்திவிட்டு, முட்டை அட்டைகளைப் பார்த்து, மைக்கில் பதிவாக வேண்டாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். சாலமன் அண்ணன் பல்பை அணைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டார். கதவைத் திறந்துகொண்டு தலையை மட்டும் நீட்டிய டில்லி, ‘லாரிக்காரன் நம்ம தாளத்துலயே அடிச்சாம்பா, கவனிச்சியா? வச்சிக்கலாம்’ என்றார். ‘வச்சிக்க முடியாது, குந்து, தண்ணி குடிச்சிட்டு மறுபடி பாடு’ என்ற அண்ணனைத் தாண்டி அவர் ரோஸ்லினைப் பார்த்தார். ‘இன்னாடி ரேடியோ, இன்னிக்கி யாரு வாயி உனுக்கு? நெப்போலியனா?’ ரேடியோ என்பதுதான் இங்கே அவள் பேர், எந்த ஸ்டேஷனும் பிடிக்கும் என்பதால். சாலமன் அண்ணன் நாற்காலியோடு அவள் பக்கம் உருண்டு வந்து குரலைத் தணித்தார். ‘பாரும்மா, சாயங்காலம் எல்லாப் பாட்டும் மிக்ஸிங்குக்குப் போவுது. நெப்போலியன் இல்லாத தட்டைத் துறைமுகத்துல எவன் கேப்பான் சொல்லு. அவரு பாட்டு வரியெல்லாம் என்கிட்ட கீது. நீ அவரு மாதிரி பாடிடு. கொஞ்சம் கொறைஞ்சா நான் மெஷின்ல எறக்கிக்கிறேன்.’ ‘அவருக்குத் தெரிஞ்சா?’ ‘அவரு கேட்டா அவரே பாடினதுன்னு நெனச்சிக்குவாரு. சரக்கு வுட்ட அன்னிக்கிப் பாடியிருப்போம்னு வுட்டுருவாரு.’ டில்லி தண்ணீரைச் சிந்திக்கொண்டு சிரித்தார். ரோஸ்லினுக்கும் சிரிப்பு வந்தது, நல்ல ஜோக்தான், இதை வீட்டில் போய்ச் சொல்லலாம், சாலமன் அண்ணன் ‘சரக்கு’ என்று சொல்லும்போது பூசைக்குப் போகிறவர் என்பதால் கண் ஒரு தரம் மேலே போகிறதே அதையும் சேர்த்து, சே, இப்போது அதுவா முக்கியம். ‘என் பாட்டு ஒண்ணு கீதுண்ணா. என் குரல்லயே பாடறேனே’ என்றாள். அண்ணன் அவளைப் பார்த்தார். கெட்ட எண்ணமே இல்லாமல், நிஜமாகவே தெரியாமல், கடைக்காரனிடம் இல்லாத சாமானைக் கேட்டவளைப் பார்க்கிற மாதிரி. ‘உன் குரலா? அது எதும்மா?’ என்றார். பிறகு அவரே சங்கடப்பட்டு, ‘சரி, ஒரு தபா பாடு, ஒண்ணே ஒண்ணு. சரியா வரலைன்னா நெப்போலியனாப் பாடு. அதுவும் மாட்டேன்னா அந்தக் கடைசி எடத்த வெர்ஷனா வுட்டுடறேன், யாரும் பாட வாணாம்’ என்று சொல்லிவிட்டு மின்விசிறியை நிறுத்தினார். பல்பு எரிந்தது. டில்லி மறுபடியும் சிக்னலில் நின்று திட்ட ஆரம்பித்தார்.

அது எதும்மா. அது எது. நல்ல கேள்விதானே, கோபப்பட என்ன இருக்கிறது, அவளே அவளைக் கேட்டுக்கொள்ளாத கேள்வியா. பேச ஆரம்பித்த நாளிலிருந்து யாருடைய வாயையாவது எடுத்து மாட்டிக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பில் ஒரு மழை நாளில் ஆபீஸ் அறை மைக்கில் சிஸ்டரின் குரலில், ‘மை டியர் சில்ட்ரன், கனமழை காரணமாக’ என்று இரண்டே வாக்கியம்தான் பேசினாள், பள்ளிக்கூடமே பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது, டீச்சர்கள் முதலில் ஓடினார்கள், சிஸ்டரே குடையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார், நான் எப்போது சொன்னேன் என்று அவருக்கே சந்தேகம். பங்குச் சாமியார் குரலில், பாவமன்னிப்பு கேட்கிற பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் உட்கார்ந்து எதிர் வீட்டு பிலோமினா அக்காவுக்குப் பத்து அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னது. கரண்ட் ஆபீஸ் குரலில் கரண்ட் போகப்போகிறது என்று சொல்லித் தெருவையே மோட்டார் போட வைத்தது. எல்லாம் ஜோர்தான், எல்லாவற்றுக்கும் முதுகில் அடியும் விழுந்தது, அடிகூட ஜோர்தான். ஆனால் அடி விழும்போது கத்தினாளே அது யார் குரல். யோசித்துப் பார்த்தால் அந்தக் கத்தல்கூட, அம்மாடி என்று முதல் எழுத்தில் குதித்து ஏறுவது, அது பிலோமினா அக்காவுடையது. தும்மல் மாமாவுடையது. தூக்கத்தில் பேசுகிறாளாம், அம்மா சொல்வாள், ஆனால் தூக்கத்திலும் ஏலம்தான் போடுகிறாளாம். காலையில் குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு நிற்கும்போது பார்த்தாள், குடம் நிறைகிறவரை யார் குரலும் இல்லாமல் ஒரு வரி பாடிப் பார்க்கலாம் என்று, வாயைத் திறந்ததும் முன்னால் நின்ற கிழவர் திரும்பி, ‘இன்னாம்மா, உன் அம்மா வந்துட்டாளா?’ என்றார், அம்மா குரலாம் அது. எல்லாரும் வாய் வைத்துப் போன தொண்டை. நெப்போலியன் சொன்னது தாளத்தை இல்லை என்னைத்தான் என்று அவளுக்குத் தோன்றியது, இவ்வளவு பேர் எச்சில் உள்ளே இருக்கிறதே, அதைக் கழுவினால் அடியில் ஏதாவது இருக்குமா, இல்லை குடமே அவ்வளவுதானா. பயம் என்றால் இதுதான். அடிக்குப் பயந்ததில்லை, சிஸ்டருக்குப் பயந்ததில்லை. வாயைத் திறந்து, யாரையும் கூப்பிடாமல் நின்று, அந்தக் காலி இடம் காலியாகவே போய்விட்டால். போகட்டும் என்றும் விட முடியவில்லை. வெர்ஷனாக விட்டுவிடுகிறேன் என்கிறார் அண்ணன், யாரும் பாட வேண்டாமாம். நான் என்ன யாரும் இல்லையா.

எச்சில் என்றால் அம்மாவுக்குத் தெரியும். அம்மா ஸ்டெல்லா கூடை மீன் விற்கிறவள், அவள் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும், ‘வஞ்சரேய், சங்கராவேய்’ என்று அவள் இழுத்தால் பூனைகள் சுவர் ஏறி உட்காரும். லீவு நாட்களில் ரோஸ்லினும் கூடப் போவாள், பாதிக் கூடை தூக்க. ஒரு சித்திரை வெயிலில் ஒரு மாடி வீட்டு கேட்டில் கூடையை இறக்கி, மீன் எல்லாம் அறுத்துக் கொடுத்த பிறகு அம்மா தண்ணீர் கேட்டாள். அந்த வீட்டம்மா நல்ல மாதிரி, பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், விலையில் அடித்துப் பேசமாட்டாள். உள்ளே போய் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ‘கையை நீட்டு ஸ்டெல்லா, கையை நீட்டு, ம், இன்னும் கொஞ்சம் கிட்ட வா’ என்று சொல்லிக்கொண்டே மேலே இருந்து ஊற்றினாள், அம்மா மீன் செதில் ஒட்டிய இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக் குனிந்து குடித்தாள், பாதித் தண்ணீர் முழங்கை வழியே புடவையில் போனது. அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ரோஸ்லினுக்கு அந்தக் குரல்தான், தேன் தடவிய அந்தக் ‘கையை நீட்டு’, நீட்டு என்பதில் டு-வை விடாமல் மெல்லப் பிடித்து வைக்கிற நேர்த்தி. வீட்டுக்கு வந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறி நின்று, ‘கையை நீட்டு ஸ்டெல்லா’ என்றாள். அச்சு அசல். அம்மா சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ‘ஐயோ அப்படியே வச்சிருக்காளே’ என்றாள், இவளுக்குக் குஷி தாங்கவில்லை, மறுபடியும், ‘இன்னும் கொஞ்சம் கிட்ட வா’ என்று சொம்பைச் சாய்த்தாள். அம்மாவின் கை தானாகக் குவிந்து மேலே வந்தது. சொந்த வீட்டில், சொந்தச் சொம்பு, பெற்ற பெண், கை குவிந்துவிட்டது. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். அன்றைக்கு எதுவும் கேட்காமல் விட்டாள் ரோஸ்லின், அதற்குப் பிறகும் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கை எங்கேயும் போகவில்லை, ஒவ்வொரு தரம் ஜன்னலில் ஆள் சேர்ந்து சிரிக்கும்போதும் ஓரத்தில் எங்கோ அந்தக் கை குவிந்தபடி நிற்கிறது. ஒரு மாதமாக இந்தத் தாளத்தைக் கேட்டுக் கேட்டு, முதல் அடியில் வயிறு கீழே போகிற அந்த இடத்தில் அவளுக்குத் தெரிந்தது அந்தத் தண்ணீர்தான். அங்கேதான் பாட்டு வந்தது. நாலு வரி, பிறகு எட்டு. அந்தப் பாட்டில் வீட்டம்மாவின் குரலை வைத்துவிடலாம், சுலபம், துறைமுகமே புரண்டு சிரிக்கும், ஆட்டோவுக்கு ஆட்டோ ஓடும், நெப்போலியனே தேடி வந்து கேட்பார். அதுதான் கூடாது. சிரித்தால் அம்மாவின் கை மறுபடியும் குவியும். அவ்வளவு தெளிவாக அவளுக்கு எதுவுமே தெரிந்ததில்லை. எந்தக் குரல் வேண்டாம் என்று தெரிகிறது, எந்தக் குரல் வேண்டும் என்றுதான் தெரியவில்லை, பரவாயில்லை, பாதி தெரிந்தால் போதும், மீதியை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

டில்லி முடித்துவிட்டார். பல்பு அணைந்தது, விசிறி சுற்றியது, கூண்டுக் கதவு திறந்ததும் ஆள் குளித்துவிட்டு வந்த மாதிரி சொட்டச் சொட்ட வெளியே வந்தார். ‘உள்ள இட்லி சட்டி மாதிரி கீதுடி, சீக்கிரம் வெந்துட்டு வா’ என்று தன் தலையிலிருந்து கழற்றிய ஹெட்போனை அவள் கையில் கொடுத்தார். அதன் பஞ்சு இரண்டும் ஈரம். சாலமன் அண்ணன், ‘இரும்மா, தொடச்சித் தர்றேன்’ என்று துணியைத் தேடினார். ‘வாணாண்ணா’ என்று அப்படியே மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். டில்லியின் வெப்பம் இரண்டு காதிலும் பிடித்துக்கொண்டது. மைக்குக்கு முன்னால் எம்பிராய்டரி வளையத்தில் கொசுவலைத் துணி இழுத்துக் கட்டியிருந்தது, எச்சில் தெறிக்காமல் இருக்க அண்ணன் செய்த ஏற்பாடு, ஒரு மாதத்தில் அதன் நடுவில் வட்டமாக ஒரு பழுப்பு ஏறியிருந்தது, வெற்றிலை போடுகிற அற்புதம் மாமா, பீடி டில்லி, பெப்பர்மின்ட் மெல்லுகிற கொயர் பெண்கள், எல்லாரும் அந்த வட்டத்தில் இருந்தார்கள், வாசனையோடு. கிட்டே போனாள். முகத்தைத் திருப்பவில்லை. எல்லாரும் வாய் வைத்த இடத்தில்தான் வாயை வைக்க வேண்டும், வேறு இடத்தில் வைத்தால் மைக்குக்குக் கேட்காது, இதைப் போய் நெப்போலியனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கட்டை விரலைத் தூக்கினார். பல்பு எரிந்தது. காது அடைத்த மாதிரி ஒரு நிசப்தம், அதற்குள் தன் மூச்சு, இது யார் மூச்சு, கேட்காதே, பேஸ் நடக்க ஆரம்பித்தது, சக், சக், நாலு சுற்று விட்டு வர வேண்டும், ஒன்று, உள்ளே சிஸ்டர் தொண்டையைச் செருமினார், உட்காருங்க சிஸ்டர், இரண்டு, ஏலக்காரர் கையைத் தூக்கினார், ஜல்லி லாரி எங்கேயோ கியர் மாற்றியது, எல்லாரும் இருங்க, யாரையும் போகச் சொல்லவில்லை, ஆனால் யாரும் முன்னால் வராதீங்க, மூன்று, தேன் தடவிய அந்தக் குரல் நாக்கு நுனிக்கே வந்து, நான் பாடட்டுமா, நான் பாடினால் நன்றாக இருக்குமே என்றது, நன்றாக இருக்கும்தான், மாட்டேன், நாலு, வயிறு கீழே போனது.

கூடைய எறக்கினா எங்கம்மா, என்று வந்தது. கேட்டுக்கு வெளிய நின்னா எங்கம்மா. குரல் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது, கொஞ்சம் தட்டை, நடுவில் ஒரு கீறல், ‘வெளிய’வில் பிலோமினா அக்கா ஒரு ஓரமாக எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும். தண்ணி கேட்டா. இங்கே அந்தக் காலி அடி. தண்ணி வானத்துல இருந்து வந்துச்சு. சுருதி விலகியது தெரிந்தது, காது முதலில் சொல்லிவிட்டது, அவள் காது என்ன சாதாரணக் காதா, ஊரில் யார் எங்கே விலகினாலும் பிடிக்கிற காது, இப்போது அது அவளையே பிடித்துக்கொண்டு, நிறுத்து நிறுத்து, ஏலக்காரரைக் கூப்பிட்டால் சரியாகும், அம்மாவைக் கூப்பிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்றது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கை நிறுத்தச் சொல்லப் பாதி எழுந்து நின்றது, அவள் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பழுப்பு வட்டத்தைப் பார்த்தாள், பாடினாள். கையில புடிச்சா பாதி, சேலையில போனது மீதி. தாளம் அவளுக்காக ஒன்றும் வளையவில்லை, எருமை தன்பாட்டுக்கு நடந்தது, ஏழு பேரைச் சுமந்த முதுகு எட்டாவதாக அவளையும் சுமந்தது, அவள் பிடித்துக்கொண்டாள், விழுகிற மாதிரி இருந்த இடத்தில் எல்லாம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நடுவில் வியர்வை கண்ணுக்குள் போய் எரிந்தது. எட்டு வரியும் முடிந்தும் தாளம் ஓடியது, திரும்ப முதல் வரிக்குப் போனாள், இந்தத் தரம் பயம் இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் பயத்தோடு பாட முடிகிறது என்பது தெரிந்துவிட்டது, அது போதும், கடைசிவரை போனாள்.

பல்பு அணைந்தது. விசிறியைப் போட யாருக்கும் தோன்றவில்லை. கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தபோது டில்லி ஸ்பீக்கர் பெட்டி மேல், அவள் இடத்தில், உட்கார்ந்திருந்தார்.

‘இன்னாடி இது, சிரிப்பே வரலையே?’

‘சிரிக்கிற பாட்டு இல்லண்ணா.’

சாலமன் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ‘நெப்போலியன் மாதிரி இல்ல’ என்றார்.

‘இல்ல.’

‘யாரு மாதிரியும் இல்ல.’ திரையில் கோடு கோடாகக் கிடந்த அவள் பாட்டை அவர் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ‘சுமாராத்தான் கீதும்மா.’

‘தெரியும்ணா. ரெண்டு எடத்துல சுருதி வுட்டுடுச்சி.’

‘இன்னொரு தபா வேணா பாடறியா? இல்ல மெஷின்ல இழுத்துச் சரி பண்ணிடவா? கண்டே புடிக்க முடியாது.’

‘வாணாம். கை வைக்காதீங்க. அப்படியே வைங்க.’

அவர் சேமித்து முடிக்கிறவரை அவள் அங்கேயே, திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.